உறவுமுறை என்ற கட்டம்

இன்று காலை பத்தேகாலுக்குச் சமுதாயக் கூடத்தில் இருப்பவர்கள்: எங்கள் வாய்க்கால்மேட்டு லைன் வீடுகளிலிருந்து பெண்கள் இருபத்தொன்று, ஆண்கள் பதினேழு, ஆகப் பெரியவர்கள் முப்பத்தெட்டு, பிள்ளைகள் பதினான்கு, அதில் கைக்குழந்தை இரண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் வீட்டு வாரியத்து அதிகாரி ஒருவர், வீடு கட்டிய கம்பெனியின் ஆள் ஒருவர், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், தாள் எடுத்துக் கொடுப்பவர்கள் இருவர், போட்டோ பிடிப்பவர் ஒருவர், ஆக ஆறு. மொத்தம் ஐம்பத்தெட்டு. வாசலில் படுத்திருக்கும் நாயைச் சேர்க்கவில்லை. முதல் தடவை எண்ணியபோது ஐம்பத்தேழுதான் வந்தது. இரண்டாம் தடவையும் ஐம்பத்தேழு. யாராவது தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள் என்று தூண் பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தேன். பிறகுதான் கடைசிக்கு முந்தின வரிசையில், சுவரோரம், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒருவன் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவான். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். பன்னிரண்டு தலையணை உறை ஒரு கட்டு, நாற்பது கட்டு ஒரு அட்டைப்பெட்டி. என் கையைத் தாண்டிப் போன பெட்டியில் ஒன்று குறைகிறது என்று கடல் தாண்டி ஒரு கடிதமும் வந்ததில்லை. படிப்பு அஞ்சாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. ஆனால் லைனில் எண்ணிக்கை என்றால் எல்லாருக்கும் நான்தான். குழாயில் தண்ணீர் வரும்போது வீட்டுக்கு நாலு குடம் என்று பக்கத்தில் நின்று எண்ணுவேன், சண்டை வராது. அந்தப் பெருமைதான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என்னைக் கவிழ்த்துவிட்டது. லைனுக்குப் பதிலாக வேறு இடத்தில் வீடு தருவதற்குக் கணக்கெடுக்க வந்த பெண் நேரே என்னிடம் வந்தாள். “அய்யா, உங்களக் கேட்டாத்தான் சரியாச் சொல்லுவீங்கன்னாங்க. இந்த லைன்ல எத்தன அடுப்பு எரியுது?” என்றாள். எத்தனை கதவு என்று கேட்டிருந்தால் இருபத்துமூன்று என்றிருப்பேன். அவள் கேட்டது அடுப்பை. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அதுதான் அவர்கள் முறை. நான் கண்ணை மூடி மனசுக்குள் ஒன்றாம் எண்ணிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வீட்டுச் சமையல் மூலையையும் பார்த்துவிட்டுச் சொன்னேன்: இருபத்திரண்டு. ஒன்பதாம் எண் வீட்டில் பதினொரு வருஷமாக அடுப்பு எரியவில்லை. ஒன்பதாம் எண் என் வீடு. நான் சாப்பிடுவது பத்தாம் எண்ணில், பாவாயியிடம். அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள். பட்டியல் வந்தபோது குடும்பம் இருபத்திரண்டு, வீடும் இருபத்திரண்டு. பத்தாம் எண்ணுக்கு நேராக, குடும்பத் தலைவி பாவாயி, வயது அறுபத்துமூன்று. உறுப்பினர் நாச்சிமுத்து, வயது அறுபத்தொன்பது. உறவுமுறை என்ற கட்டம் மட்டும் காலி.

கம்பெனி ஆள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். “இதுல எங்களுக்கு லாபமே இல்லைன்னு பொய் சொல்லமாட்டேனுங்க. இந்த அளவுக்குள்ள, உங்கள மாதிரி குடும்பங்களுக்கு வீடு கட்டினா, நாங்க கட்டவேண்டிய வரியில கவர்மென்டு குறைச்சுக்கும். அதனாலதான் வெலையும் குறைச்சு, தவணையும் சின்னதாப் போட முடியுது.” கை தட்டினார்கள். நானும் நாலு தட்டுத் தட்டினேன். நேரான பேச்சு. எங்கோ ஒரு ஆபீசில் ஒருவர் இவ்வளவு வரி என்று எழுதிவிட்டு அதன்மேல் கோடு போட்டு அடித்திருக்கிறார், அடித்த தொகை இங்கே பைபாஸுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது, தரைத்தளம் சேர்த்து நாலு அடுக்கு, அடுக்குக்கு ஆறு வீடு, ஆக இருபத்துநாலு. வாங்காமல் விட்ட ஒன்றில் இருந்து இவ்வளவு சுவர் வருமா என்று எனக்கு ஆச்சரியம். வாயில் வராமல் விட்ட ஒன்றிலிருந்தும் என்னென்னவோ வந்து நிற்கத்தான் செய்கிறது. சும்மா நினைத்தேன், அதை விடு. அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் என்ன உறவு என்பது தாளில் இருக்க வேண்டும். தனி ஆளுக்கு வீடு கிடையாது. கட்டம் காலியாக இருந்தால் அந்த வீடு சலுகைக் கணக்கில் சேராது; சேராத வீட்டை அவர்கள் யாருக்கும் தரமாட்டார்கள். பட்டியலை லைன் சுவரில் ஒட்டிய அன்றே அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், வீட்டுக் குலுக்கல் அன்று, அதாவது இன்று, பகல் ஒரு மணிக்குள் அதை நிரப்பாவிட்டால் அந்த வீடு வேறு பட்டியலுக்குப் போய்விடும் என்று. நான் விலகிக்கொள்கிறேன், மூலனூரில் தங்கை வீடு இருக்கிறது, அங்கே போய்விடுகிறேன் என்றேன். “நீங்க போயிட்டா அந்தம்மா தனி ஆளு ஆயிருவாங்களே அய்யா. அவங்களுக்கும் வீடு இல்லாமப் போயிருமே” என்றார். முப்பதாம் தேதி லைனை இடிக்கிறார்கள், வாய்க்காலை அகலப்படுத்த. இன்று இருபத்திரண்டு. நான் ஒரு சொல் சொல்லாவிட்டால் எட்டு நாள் கழித்து பாவாயிக்குக் கூரை இல்லை. தப்பான சொல்லைச் சொன்னால் கூரை இருக்கும், அதன் கீழ் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? கேட்டிருக்கலாம். பட்டியல் ஒட்டிப் பதினேழு நாள் ஆகிறது. நாளுக்கு மூன்று வேளை, ஐம்பத்தொன்று. அமாவாசை அன்று அவர் ஒரு பொழுது இருந்தார், நானும் ஒரு வேளைதான் சாப்பிட்டேன், இரண்டு கழித்தால் நாற்பத்தொன்பது தட்டு. நாற்பத்தொன்பது தட்டின் முன்னாலும் வாயைத் திறந்தேன். சோறுதான் உள்ளே போனது.

கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். புது நீலப் பிளாஸ்டிக் குடத்தில் சுருட்டிய சீட்டு இருபத்துநாலு, மிஞ்சுகிற இரண்டு வீடு வேறு பட்டியலுக்கு. குடும்பம் இருபத்திரண்டு. ஒவ்வொருவரும் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும், அந்தப் பெண் பிரித்துப் படிப்பாள், கம்ப்யூட்டரில் இருக்கிற விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவாள், அதிகாரி முத்திரை போடுவார். குறை உள்ள விண்ணப்பம் கடைசி. எங்களுடையதுதான் குறை உள்ளது. எல்லாருக்கும் முடிந்த பிறகு சேர்ந்து ஒரு போட்டோ, அதற்குப் பிறகு சாப்பாடு, ஆகவே சீட்டு எடுத்தவர்களும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். போகாமல் இருப்பது சாப்பாட்டுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் மூன்றாம் எண் வீட்டு வையாபுரி. தறிப் பட்டறையில் இருந்தவன், காது கொஞ்சம் மந்தம், அதனால் அவன் ரகசியம் பேசினால் நாலு வரிசைக்குக் கேட்கும். “ஏம்ப்பா நாச்சி, இதுக்குப் போயி வேர்த்துக்கிட்டுக் கெடக்கற. அண்ணன்னு எழுதீட்டு வா. முடிஞ்சுது சோலி. மனசுக்குள்ள என்னத்தையோ வெச்சுக்க, அத யாரு கேக்கறா?” முன் வரிசையில் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். குற்றம் சொல்ல முடியாத சொல். ஆனால் அண்ணன் என்ற வேலையை நான் மூன்று தடவை செய்து முடித்துவிட்டேன். அப்பா போனபோது எனக்கு இருபத்தொன்று. மூத்த தங்கையைக் கட்டிக்கொடுத்தது வெள்ளகோவிலுக்கு, நடுவிலவளை மூலனூருக்கு, கடைசிக்காரியைக் காங்கயத்துக்கு. கடைசிக்காரியை மண்டபத்திலிருந்து அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது வயது நாற்பத்துநாலு. இனி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வேலையில் நான் குறை வைத்ததில்லை. வைத்ததாக யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் நாலாவதாக ஒரு தங்கை எனக்கு வேண்டாம். பாவாயி என் தங்கை இல்லை. இது எனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது என்று இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிகிறது. போன வாரம் ஆறாம் எண் வீட்டு மேகலா, ஆட்டோக்காரன் மனைவி, குழாயடியில் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள், “எங்க பசங்க உங்கள மாமாங்கறாங்க. பாவாயம்மாவ அத்தைங்கறாங்க. அப்பறம் எழுத என்ன யோசனைங்க மாமா?” நான் மூன்று என்றேன். “என்னது?” என்றாள். உனக்கு மூன்றாவது குடம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று முழுக்க அதையே போட்டுப் பார்த்தேன். மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவன். அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்தவள், இல்லாவிட்டால் மாமாவின் மனைவி. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் மாமாவும் அத்தையும் கூடப் பிறந்தவர்களாக வரவில்லை. நான் அண்ணன் என்று எழுதினால், என்னை மாமா என்கிற பதினான்கு பிள்ளைகளும் பாவாயியைப் பெரியம்மா என்று மாற்றிக் கூப்பிட வேண்டும். கைக்குழந்தை இரண்டைக் கழித்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு பிள்ளைகள் பழகிய வாயை ஒரு கட்டத்துக்காக மாற்றுவதா? இது ஒரு காரணமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காரணம் தேடுகிறவனுக்கு இதுவும் ஒன்று.

பாவாயி மூன்றாவது வரிசையில் மேகலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பின்பக்கம்தான் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியின் கயிறு பிடரியில், அதற்குக் கீழே கொண்டை, கொண்டையில் கனகாம்பரம் கொஞ்சம். விதவை பூ வைப்பதா என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, “செடி எங்கூட்டுது. வெக்காம உட்டா அது வாடித்தான போவுது” என்றார். கையில் வேலை இருக்கிறது, தோள் அசைகிறது. தலையணை உறையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்திரியால் வெட்டுவது. வீட்டு விதியைத் தீர்மானிக்கிற இடத்துக்கும் ஒரு கட்டு உறையைக் கொண்டுவந்திருக்கிறார். நான் அந்தக் கத்திரிச் சத்தத்தை எண்ணுவதுண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கும். ஒரு உறைக்கு எட்டிலிருந்து பதினொரு வெட்டு. பதினொன்றுக்கு மேல் போனால் கண் வலிக்கிறது என்று அர்த்தம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எனக்கு விஷக்காய்ச்சல், ஒன்பது நாள். அதுவரை நாங்கள் பேசியது குழாயடியில் நாலு குடக் கணக்கு மட்டும். அவர் கணவர் மஞ்சள் காமாலையில் போய் அப்போதே எட்டு வருஷம், பிள்ளை இல்லை. முதல் நாள் கஞ்சித் தூக்கை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் நாளும் படியில். மூன்றாம் நாள் என்னால் எழுந்து எடுக்க முடியவில்லை. உள்ளே வந்து, கஞ்சியை ஆற்றி, டம்ளரை என் வாயில் வைத்தார். கையில் நூல் வாசனை. காய்ச்சல் விட்டுப் பத்தாம் நாள் நானே அடுப்பைப் பற்றவைத்து அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தார். “அணைங்க” என்றார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். “ஏனுங்க, கேஸு விக்கற வெலைக்கு ரெண்டு அடுப்பு எதுக்குங்கறேன். அணைங்க.” அணைத்தேன். அதற்குப் பிறகு அரிசியும் சிலிண்டரும் என் பொறுப்பு, மற்றது அவருடையது. இத்தனை வருஷத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏனுங்க என்பேன். அவரும் ஏனுங்க என்பார். வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை. நான் தோசையை எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறேன் என்று அவருக்கு ஒரு குறை. “எண்ணிக்கிட்டே தின்னா ஒடம்புல எப்பிடிங்க ஒட்டும்?” என்று நாலாவதைப் போட்டுவிட்டு மூன்றுதான் என்று சாதிப்பார். நானும் மூன்று என்று ஒத்துக்கொள்வேன். என் வாழ்நாளில் தெரிந்தே தப்பாகச் சொன்ன எண்ணிக்கை அது ஒன்றுதான்.

எட்டு குடும்பம் முடிந்தது. குடத்தில் பதினாறு. தரைத்தளம் கிடைத்தவர்கள் சிரித்துக்கொண்டும் மூன்றாம் மாடிக்காரர்கள் காற்று வரும் என்று சொல்லிக்கொண்டும் திரும்புகிறார்கள். விண்ணப்பத்துக்குக் குடும்பப் போட்டோ வேண்டும் என்று லைனுக்கே வந்து எடுத்தார்கள், இதே போட்டோக்காரர்தான். பத்தாம் எண் கதவுக்கு முன்னால் நிற்கச் சொன்னார். நின்றோம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். “கிட்ட வாங்க” என்றார். நான் ஒரு அடி நகர்ந்தேன். “இன்னும் கிட்ட, பெரியவரே, கதவு நம்பர் மறைய மாட்டேங்குது, நடுவுல தெரியுது.” மேகலா பின்னாலிருந்து, “நம்பரு தெரிஞ்சா நல்லதுதானுங்களே” என்று கத்தினாள். பாவாயிதான் நகர்ந்து வந்தார். தோளும் தோளும் படவில்லை, ஆனால் அவர் சேலை என் முழங்கையில் பட்டது. இப்போது அந்தப் படம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இரண்டு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. ஒரு கட்டம் மட்டும் இல்லை. புது வீட்டைப் பார்க்கப் போன மாசம் கூட்டிப்போனார்கள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலுக்கு ஒரு மூலை, உள்ளேயே குளியலும் கக்கூசும். மற்றவர்கள் குழாயைத் திருகிப் பார்த்தார்கள். நான் கூடத்தில் தரைக்கல்லை எண்ணினேன், அகலத்துக்கு ஒன்பது, நீளத்துக்குப் பன்னிரண்டு, நூற்றெட்டு. கதவோரம் மூன்று கல் அகலம், ஏழு கல் நீளம் போதும் எனக்குப் படுக்க. அதை மனசுக்குள் கோடு போட்டு வைத்துவிட்டேன். அறை அவருக்கு. அறைக்கு ஒரு கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. அவர் அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுப் பார்த்து எடுத்தார். ஏன் போட்டுப் பார்த்தார் என்பதை நான் நாலு வாரமாக யோசிக்கிறேன். தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று யாரும்தான் பார்ப்பார்கள். நான் கணவர் என்று சொன்னால், இத்தனை வருஷம் சோறு போட்டது இதற்காகவா என்று அவர் நினைத்துவிட்டால்? கஞ்சியை ஆற்றிய கைக்கு இன்னொரு பெயர் வைத்துவிட்டான் கிழவன் என்று நினைத்துவிட்டால்? இருபத்திரண்டு குடும்பத்துக்கு முன்னால் தலை குனிந்துவிட்டால்? அந்த வீட்டில் நூற்றெட்டுக் கல்லும் எனக்குக் குத்தும்.

பதினாறு குடும்பம். குடத்தில் எட்டு. ஒன்றுக்குப் போய்விட்டு வரலாமா என்று எழுந்தேன், வையாபுரி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். “ஓடிப் போயிராதடா” என்றான், இந்த முறை உண்மையாகவே மெதுவாக. இவன் எனக்கு நாற்பது வருஷ சிநேகிதன், இவன் சொல்லும் எதையும் நான் கேட்டதில்லை, இவனும் சொல்வதை நிறுத்தியதில்லை. மின்விசிறி ஆறு, ஓடுவது நாலு. நாலுக்குக் கீழே நான் இல்லை. பத்தொன்பது. இருபது. இருபத்தோராவது மேகலா வீடு. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தாள், தரைத்தளம், ஆட்டோ நிறுத்த வசதி, குதித்தாள். குடத்தில் மூன்று. பையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன், மூடினேன், திறந்து மறுபடி ஒரு வாய். மணி பன்னிரண்டு இருபது. “பத்தாம் நம்பர். பாவாயி, நாச்சிமுத்து.” எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து ஒருவர் மைக்கில் சொல்லி இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். பாவாயி உறையை மடித்துப் பையில் வைத்து, கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் நாற்காலியிலிருந்து மேசைக்கு முப்பத்துநாலு எட்டு நடை, நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் குடத்துக்குள் கையை விட்டார். துழாவவில்லை, தொட்டதை எடுத்துவிட்டார். “முதல் மாடி, பத்தாம் நம்பர்” என்று அந்தப் பெண் படித்தாள். பழைய நம்பரே என்று யாரோ சொன்னார்கள். யாரும் கை தட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும், வீடு இன்னும் எங்களுடையது இல்லை.

“அம்மா, உங்க குடும்பத்துல ரெண்டு பேரு போட்டிருக்கு. இவர் உங்களுக்கு என்ன உறவுங்க?” அந்தப் பெண் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், நல்ல பெண். மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. பாவாயி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். “அவரையே கேளு கண்ணு” என்றார். “பதினேழு நாளா சோத்தத் தட்டுல வெச்சுக்கிட்டு வாயத் தெறக்கறாரு, மூடறாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்.” கூடம் சிரித்தது. எனக்குக் காது சூடானது. அப்படியானால் அவரும் எண்ணியிருக்கிறார். பதினேழு என்று அவருக்கும் தெரியும். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நான் வாயைத் திறந்தபோது எதிரில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் பேசாமல் விட்டதை மட்டும் எண்ணினேன், அவர் கேட்காமல் விட்டதை எண்ணவில்லை. அதிகாரி இரக்கப்பட்டார். “பெரியவரே, சங்கடம் வேண்டாம். அண்ணன்னு போட்டுக்கலாமா? சிக்கல் இல்லாம முடிஞ்சுரும்.” அந்தப் பெண்ணின் விரல் எழுத்தின்மேல் போய்விட்டது. “இல்லீங்க” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் நாய் எழுந்து நின்றது. இல்லை என்று சொல்லியாகிவிட்டது, இனி ஆமாம் என்று ஒன்று சொல்ல வேண்டும், அது எங்கே இருக்கிறது? தொண்டையில் இல்லை, நெஞ்சில் தேடினால் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பத்தொன்பது தட்டு. அதிகாரியைப் பார்த்துச் சொல்வது எளிது, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்வதும் எளிது. ஆனால் அது அவர்களிடம் சொல்ல வேண்டியது இல்லை. திரும்பினேன். கண்ணாடி இல்லாத முகம், மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம். “ஏனுங்க” என்றேன். அது பழகின சொல், தானாக வந்தது. அதற்குப் பின்னால் மற்றதும் வந்துவிட்டது. “கணவர்னு எழுதச் சொன்னா, உங்களுக்குத் தப்பாப் படுமுங்களா? தப்பாப் பட்டா வேண்டாமுங்க. வேற எதாச்சும் வழி பாக்கலாமுங்க.” பாவாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார், ஓரம் சரியாக வெட்டியிருக்கிறதா என்று உறையைப் பார்ப்பதுபோல். “அத இங்க வந்துதான் கேக்கோணுமாக்கும்?” என்றார். “வீட்டுலயே கேட்டிருந்தா ஒரு பாயாசமாச்சும் வெச்சிருப்பனே.” பிறகு அந்தப் பெண்ணிடம், “எழுது கண்ணு. எழுத்துப் பிழை இல்லாம எழுது, இவரு படிச்சுப் பாப்பாரு.”

அதற்குப் பிறகு கூடத்தில் வந்த சத்தத்தை நான் எண்ண முயலவில்லை. வையாபுரி விசிலடித்தான், எழுபது வயசில். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் குதித்தார்கள். அதிகாரி கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு, கல்யாணப் பதிவுச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், கேட்கும்போதே இருக்காது என்று தெரிந்து. எழுதிய எழுத்தைத் திரும்ப அழிப்பார்களா? அவர் மேசை அறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். இவர்கள் இருவரும் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அப்படித்தான் அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கோடு. “இப்போதைக்கு இது போதும். பதிவு ஆபீசுக்கு அப்பறமாப் போய்க்கலாம். லைன்ல இருந்து சாட்சிக்கு ரெண்டு பேரு வாங்க.” நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. “ரெண்டு பேரு போதும்மா, ரெண்டே பேரு” என்று அதிகாரி சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. குழாயடியில் நிற்பதுபோல் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள், தள்ளிக்கொண்டு, “நாந்தான் மொதல்ல எந்திரிச்சேன்”, “பேனா யார்கிட்டங்க இருக்குது?” என்று. வரிசை மேசையில் தொடங்கித் தூணைச் சுற்றி வாசல் வரை போனது. எங்கள் இருவரைக் கழித்துப் பெரியவர்கள் முப்பத்தாறு. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர், டீக்கடைக்குப் போயிருந்தவர்கள் இருவர். மற்ற முப்பத்துமூன்று பேரும் வரிசையில். வையாபுரி முதல் கோட்டில் தன் பெயரை எழுத்து எழுத்தாக, தறியில் நூல் கோப்பதுபோல் எழுதினான். மேகலா இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு பிள்ளையார் சுழியும் போட்டாள். அது மேலே போட வேண்டியது. முத்திரை விழுந்தது. அதிகாரி தாளைப் பாவாயி கையில் கொடுத்தார், பாவாயி படிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். எழுத்துப் பிழை இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். வேலை முடிந்துவிட்டது, கோடு இரண்டும் நிரம்பிவிட்டது, இருந்தும் வரிசை கலையவில்லை. எண்ணினேன். மீதி முப்பத்தொருவர்.